கைக்குழந்தையுடன் மறியல்

என் மாமியார் செய்தித்தாளைப் படிப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். முதல் பக்கத்தைத் தொடமாட்டார். நேராக உள்ளூர்ப் பக்கத்துக்குப் போவார். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் என்று ஊர்ப் பெயர் போட்டு வரும் சின்னச் செய்திகளை வாய்விட்டு வாசிப்பார். நாடும் உலகமும் இரண்டாவது காபிக்கு.

அன்றைக்கும் அப்படித்தான். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறக்காமல் டபராவை ஓரத்தில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இனியாவுக்கு ராகிக் கூழ் கிளறிக்கொண்டிருந்தேன். கட்டி தட்டிவிட்டதோ என்று கரண்டியால் மசித்து மசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசிப்புச் சத்தம் நின்றது.

"சுகன்யா."

"இதோ வரேன் அத்தை."

"இந்த ஃபோட்டோல இருக்கற குழந்தை போட்டிருக்கற கவுன் நான் தைச்சது."

கரண்டியோடு போய் நின்றேன். அத்தை பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் போட்ட தையலை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவார்.

படத்தில் தார்ச் சாலை. காலிக் குடங்கள். நடுவில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில், பால் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் மகள்.

படத்தின் கீழே இப்படி அச்சாகியிருந்தது: "குடிநீர் கேட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் கைக்குழந்தையுடன் மறியலில் ஈடுபட்ட பெண்."

அத்தையின் முதல் கவலை வேறாக இருந்தது. "மஞ்ச மஞ்சளா எவ்ளோ அழகா வாத்து எம்ப்ராய்டரி பண்ணியிருந்தேன். உங்க பேப்பர்ல கறுப்பு வெள்ளையில போட்டு, எல்லாம் கறை மாதிரி தெரியுது. பாக்கறவங்க, குழந்தைக்கு அழுக்குச் சட்டை மாட்டியிருக்காங்கன்னு நினைக்க மாட்டாங்க?"

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது சரி. நம்ம வீட்டுலதான் தண்ணி வருதே. இவ எதுக்கு மறியல் பண்றா?"

நம் நிருபர்

சென்ற மாதம் என் புத்தகம் வெளிவந்தபோது, தாம்பரத்தில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, "மேம், உங்க பேர் முதல்முதலா அச்சுல வந்தது எப்போ? எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

சிறு வயதில் கவிதை எழுதியது, சிறுவர் பக்கத்தில் வந்தது என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்கு அந்த வாத்துக் கவுன்தான் நினைவுக்கு வந்தது. மேடையில் அதைச் சொல்ல வரவில்லை. ஏதோ மழுப்பினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த புத்தகத்துக்கு எழுதும் இந்த அத்தியாயம் அவளுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வேலை பார்த்த நாளிதழில் பகுதி நிருபருக்குப் பெயர் கிடையாது. செய்தியின் தலையில் "நம் நிருபர்" என்று மட்டும் போடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ வருடம் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் என்று அலைந்து எழுதியதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள்தான். அப்பா செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்வார். விருந்தாளிகளிடம் காட்டுவார். "உங்க பொண்ணு பேரக் காணோமே?" என்று அவர்கள் கேட்பார்கள். "அவதான் நம் நிருபர்" என்று அப்பா சொல்வார். விருந்தாளிகள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

எனக்குப் பெயர் வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. கேட்டால் தலைக்கனம் என்று நினைப்பார்களோ என்று கேட்டதில்லை.

எங்கள் தலைமை நிருபர் சந்தானம் சார். மேசையில் எப்போதும் ஆறிப்போன தேநீர் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு மறியல் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"குடம் இருக்கு. போலீஸ் இருக்கு. கைக்குழந்தை எங்கம்மா?"

"குழந்தையோட யாரும் வரலையே சார்."

"தேடிப் பாத்தியா? மறியல்னா ஒரு கைக்குழந்தை கட்டாயம் இருக்கும். அது இல்லாத மறியல நான் பாத்ததே இல்ல."

அதற்கப்புறம் எந்தப் போராட்டத்துக்குப் போனாலும் என் கண் முதலில் குழந்தையைத்தான் தேடும். யாராவது ஓர் அம்மா ஓரமாக நின்றுகொண்டிருப்பார். "கொஞ்சம் முன்னாடி வாங்கக்கா" என்று கூப்பிட்டுப் படம் எடுப்பேன். அந்தக் குழந்தைக்குப் பசிக்குமா, வெயில் படுமா என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. தோன்றுவதற்கு எனக்கென்று ஒன்று பிறக்க வேண்டியிருந்தது.

இனியா பிறந்து, விடுப்பு முடிந்து, திரும்பப் போய் நின்றபோது சந்தானம் சார் தயங்கினார்.

"டெஸ்க்குக்கு வந்துடேன்மா. ஏசி. ஒரே இடத்துல உக்காந்து மத்தவங்க எழுதின காப்பிய எடிட் பண்ணலாம். குழந்தைய வச்சிக்கிட்டு ரோட்ல எப்படி அலைவ?"

"வீட்ல ஆள் இருக்காங்க சார். மாமியார் பாத்துப்பாங்க. ஃபீல்டே குடுங்க சார்."

"பாப்போம். ஏதாவது சிக்கல் வந்தா அடுத்த நாளே டெஸ்க். சரியா?"

சரி என்றேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர் வாசலில் போய் நின்று, "என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்று கேட்பது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் வரும். அதுவும் போய்விட்டால் நான் யார் என்று பயமாக இருந்தது.

ரோஸி அக்கா நீட்டிய கை

நான் திரும்ப வேலைக்குப் போன அதே வாரம், அத்தை பெருங்களத்தூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிப் போனார். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டில் இருந்து வேலை செய்வதாகச் சொன்ன என் கணவரை, ஏதோ அவசரம் என்று அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் ரயில் பிடிக்க ஓடிய கொஞ்ச நேரத்தில் சந்தானம் சார் போன் செய்தார்.

"ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல மறியல். வேளச்சேரி ரோடு மொத்தமும் நின்னுடுச்சாம். நீ பக்கத்துலதானே? போ."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சொல்லியிருந்தால், அடுத்த நாள் டெஸ்க்.

இனியாவின் பையை எடுத்தேன். துணி, துடைக்க ஈரத்தாள், பால் பவுடர், இரண்டு புட்டி, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க், தொப்பி, மாற்றுத் தொப்பி. நோட்டையும் பேனாவையும் மறந்துவிட்டுத் திரும்ப வந்து எடுத்தேன். ஆட்டோ.

மறியல் நடந்த இடத்தில் பேருந்துகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது குடிநீர்க் குழாய் உடைந்து, ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வாரக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருப் பெண்கள்தான் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு கையில் குழந்தை, மறுகையில் நோட்டு. பேனாவை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அப்போது தரையிலிருந்து ஒரு கை நீண்டது.

"அத்த இப்டி குடும்மா. கொழந்தய வச்சிகினு இன்னாத்த எழுதுவ?"

ரோஸி அக்கா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஐம்பது வயது இருக்கும். தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. இனியா புது முகம் கண்டால் வீல் என்று கத்துவாள். ரோஸி அக்காவின் மடியில் உட்கார்ந்து அவர் தாலிச் சங்கிலியைப் பிடித்துச் சப்பினாள்.

வெயில் ஏற ஏற இனியா சிணுங்க ஆரம்பித்தாள். பை திறந்து பார்த்தால் ஃபிளாஸ்க் மூடி சரியாகப் போடாமல், தண்ணீர் எல்லாம் துணியில் ஊறியிருந்தது.

ரோஸி அக்கா எதிரே சந்து முனையில் நின்ற பையனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், வூட்ல கேன் அடியில கொஞ்சூண்டு தண்ணி கீது. சூடு பண்ணி எடுத்தாரச் சொல்லு."

"காய்ச்சின தண்ணியா அக்கா?" என்று கேட்டேன். தெருவுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. கடைசியாக இருந்ததை எனக்குக் கொடுக்கிறார்கள். நான் இப்படிக் கேட்கிறேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

"கொதிக்க வச்சிதாம்மா எடுத்தார சொல்லிகீறேன். நானும் ரெண்ட பெத்தவதான்" என்று சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, நான் அவரிடம் பேச ஓடினேன். இனியா ரோஸி அக்கா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் வந்த படம்

பகுதி நிருபர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் எல்லா இடத்துக்கும் போக முடியாது. ஆகவே ஒரு வாட்ஸ்அப் குழு. வேறு வேறு பத்திரிகைதான். ஆனால் ஒருவர் எடுத்த படத்தை எல்லாரும் போட்டுக்கொள்வோம். முதலாளிகளுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற ஏற்பாடு.

அன்று நான் இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டேவிட் வந்திருக்கிறான். வேறொரு பத்திரிகையின் நிருபர், நல்ல பையன். நான் விடுப்பில் இருந்ததால் இனியாவை அவன் பார்த்ததே இல்லை. கூட்டத்துக்கு நடுவே புட்டியோடு குழந்தை. எந்த நிருபர் விடுவார்? படம் எடுத்து, "பால் கரைக்கக்கூடத் தண்ணீரின்றித் தவிக்கும் தாய்" என்று ஒரு வரி சேர்த்துக் குழுவில் போட்டுவிட்டு, அடுத்த வேலைக்குப் பறந்துவிட்டான்.

நான் வீட்டுக்கு வந்து, இனியாவை மார்பில் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் செய்தி தட்டி அனுப்பினேன். படம் எடுக்க நேரமில்லை என்று எழுதினேன். அப்படியே இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். குழுவைத் திறந்தே பார்க்கவில்லை. டெஸ்க்கில் குழுவின் படத்தையே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆக, மறுநாள் காலை வந்த எல்லாப் பத்திரிகையிலும் என் மகள் ரோஸி அக்காவின் மகளாகியிருந்தாள். எங்கள் பத்திரிகையில் மட்டும் அதற்கு மேலே "நம் நிருபர்" என்று கூடுதலாக இருந்தது.

போனில் குழுவைத் திறந்து பார்த்து, இதையெல்லாம் அத்தையிடம் சொல்லி முடிப்பதற்குள் கூழ் அடிப்பிடித்துவிட்டது.

"நான்தான் ஆத்தா"

முதல் போன் சந்தானம் சார்.

"சுகன்யா, படம் அருமை! அதப் பாத்துட்டு இன்னைக்கு தண்ணி சப்ளை இன்ஜினியரே நேர்ல வராராம். அந்தம்மாவையும் குழந்தையையும் பாக்கணும்னு சொல்லியிருக்கார். நீ போய் ஃபாலோ-அப் பண்ணு. தாயும் சேயும் அதிகாரியோட நிக்கற மாதிரி ஒரு படம். இந்தத் தடவ நீயே எடுக்கணும்."

"சார், அந்தக் குழந்தை..."

"என்ன, குழந்தைக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

வைத்துவிட்டேன். வைத்த உடனே அடுத்த போன். நேற்று ரோஸி அக்காவிடம் என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"இன்னாம்மா இப்டி மானத்த வாங்கிட்டீங்க? எம்புருசன் ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் தல காட்ட முடியல. 'இன்னா மணி, சொல்லவே இல்ல, ஸ்வீட் எங்க'ன்னு ஒரே பேஜாரு. பெரியவன் வேற, 'தங்கச்சிக்கு இன்னா பேரும்மா வெக்கறது'ன்னு கேக்கறான். செருப்பால அடிக்கப் போறேன் அவன."

"அக்கா, மன்னிச்சிருங்க அக்கா. நான் போடல. அது..."

"அத்த வுடு. இன்ஜினியர் வராராம். எங்க கவுன்சிலர் கூட இத்தினி நாளா எட்டிப் பாக்கல. நீ ஒண்ணு பண்ணு. பாப்பாவ கொஞ்சம் தூக்கினு வா. தண்ணி வர்ற வரைக்கும் நான்தான் ஆத்தா. ஒரு அர மணி நேரம். ஆளு போனதும் குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தை என்னுடையது என்று சொன்னால், மறியலே நாடகம் என்று அதிகாரி கிளம்பிவிடுவார். தெருவுக்குத் தண்ணீர் போச்சு. சந்தானம் சாருக்கும் தெரிந்துவிடும். எனக்கு ஃபீல்டு போச்சு. சொல்லாவிட்டால், நான் பெற்ற பிள்ளையைப் பற்றி நானே பொய்ச் செய்தி எழுத வேண்டும்.

"போலாமா வேண்டாமா அத்தை?"

அத்தை ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டிருந்தார். "போகாம? குழந்தைய நேத்து மடியில வச்சிருந்தவங்க யாருன்னு நான் பாக்க வேண்டாமா? அந்த வாத்துக் கவுனையே போடு. இன்னைக்காவது கலர்ல எடுக்கறாங்களான்னு பாப்போம்."

காய்ச்சின தண்ணியா?

தெருமுனையில் நல்ல கூட்டம். டேவிட்டும் வந்திருந்தான். என்னையும் இனியாவையும் சேர்த்துப் பார்த்தவுடன் அவன் முகம் போன போக்கு!

"அக்கா... இது..."

"ஆமா."

"ஐயோ அக்கா."

"பேசாம இரு டேவிட்."

ரோஸி அக்கா இனியாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் கணவர் மணி அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய குடும்பத்தையோ வேடிக்கை பார்ப்பவர் மாதிரி நின்றார்.

பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். சின்ன வயதுதான். கையில் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில்.

"பேப்பர்ல வந்தது நீங்கதானாம்மா?"

"ஆமா சார்" என்றார் ரோஸி அக்கா.

"உங்க குழந்தையா?"

நான் நோட்டில் கேள்வியை எழுதிவிட்டேன். பழக்கம். கேட்பதை எழுதுவது, சொல்வதை எழுதுவது. அடுத்த வரியில் பதில் வர வேண்டும். ரோஸி அக்கா வாயைத் திறக்கிறார். "ஆமாம், என் குழந்தை என்றார் ரோஸி" என்று என் கை எழுத வேண்டும். பேனா தாளைத் தொட்டபடி நின்றது. எழுத வரவில்லை.

"என் குழந்தை சார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நீங்க இந்தத் தெருவா?"

"இல்ல சார். நான் ரிப்போர்ட்டர். நேத்து செய்தி சேகரிக்க வந்தேன். குழந்தைய இவங்க வச்சிருந்தாங்க. படத்துல தப்பா வந்துடுச்சி."

"அப்ப மொத்தமும் செட்டப்பா?" பொறியாளர் சிரித்தார், அதில் சந்தோஷம் இல்லை. "நல்லா இருக்கும்மா. ரிப்போர்ட்டரே குழந்தைய சப்ளை பண்றீங்களா?"

ஜீப் பக்கம் திரும்பினார். ரோஸி அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. "கெடுத்தியேம்மா" என்றார், மெதுவாக.

அந்த நேரம் பார்த்து இனியாவுக்குப் பசி வந்தது. பசி வந்தால் அவளுக்கு இடம் பொருள் கிடையாது. தெரு அதிர ஒரு அழுகை. பையைத் திறந்தேன். பால் பவுடர் இருந்தது. புட்டி இருந்தது. நேற்று ஒழுகிய ஃபிளாஸ்க்கைக் கழுவிக் காயக் கவிழ்த்தது, இன்னும் வீட்டில் கவிழ்ந்தே இருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் அத்தை. ஒரு வகுப்பையே ஊசியில் நூல் கோக்க வைத்த குரல். பொறியாளர் நின்றார்.

"குழந்தை யாரோடதுன்னு அப்புறம் பேசலாம். பால் கரைக்கத் தண்ணி வேணும். அந்தக் குழாயத் திறந்து கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

தெருக்குழாய் அவர் பக்கத்தில்தான் இருந்தது. அவர் திருகினார். புஸ் என்று காற்று வந்தது. துருப்பிடித்த இரண்டு சொட்டு விழுந்தது. இனியா இன்னும் உரக்க அழுதாள்.

அவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கும்போல. தன் பாட்டிலை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என்னைக் கேட்காமல் கேட்டது:

"காய்ச்சின தண்ணியா சார்?"

ரோஸி அக்காதான் முதலில் சிரித்தார். கோபத்தையெல்லாம் மீறிக்கொண்டு வந்த சிரிப்பு.

"நேத்து எங்க வூட்டுக் கடைசித் தண்ணிய குடுத்தப்பவும் இதே கேள்விதான் சார் கேட்டுச்சி! கேன் அடியில இருந்தத சுட வச்சி இந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டு, நாங்க ராத்திரி சோறு பொங்கத் தண்ணி கேட்டுப் பக்கத்துத் தெருவுல போய் நின்னோம்."

"ஃபில்டர் தண்ணி மேடம்" என்றார் பொறியாளர், சங்கடமாக.

"ஃபில்டர்னாலும் ஒரு கொதி விடறது நல்லது" என்றார் அத்தை.

ரோஸி அக்கா பாட்டிலை வாங்கி உள்ளே போய் அடுப்பில் ஏற்றினார். கொதிக்க வேண்டும். பிறகு ஆற வேண்டும். கிண்ணத்தில் ஊற்றி ஆற்றியும் சூடு தணிகிற வழியாக இல்லை. பொறியாளர் கிளம்பவும் முடியாமல் நின்றார்.

"பாட்டில் குடுத்தீங்கன்னா..." என்றார். "வீட்ல கேப்பாங்க. செட்டுல ஒண்ணு அது."

மணி அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "குந்து சார். ஆறட்டும்."

உட்கார்ந்தார். உட்கார்ந்தவரைத் தெரு சூழ்ந்துகொண்டது. யாரும் கத்தவில்லை. எந்த நாளில் குழாய் உடைந்தது, யாரிடம் சொன்னார்கள், தண்ணீர் லாரி தெருவுக்குள் வராமல் எங்கே நின்றுவிட்டுப் போகிறது, மாடியில் படுத்திருக்கிற பெரியவரை எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் ஆறுவதற்குள் பக்கம் பக்கமாக நிறைந்துவிட்டது. ஒருகட்டத்தில் அவரே எழுந்து போய்ப் பள்ளத்தில் எட்டிப் பார்த்தார். உடைந்த இடம் அவர் கண்ணுக்கே தெரிந்தது. போனை எடுத்தார்.

இனியா பால் குடித்து முடித்து, பொறியாளரின் காலியான பாட்டிலை உருட்டி விளையாடினாள்.

அன்று மதியமே லாரி வந்தது. குழாயைச் சரிசெய்ய மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. ஆனால் அதுவரை லாரி தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. இவ்வளவுதான் கிடைத்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

பெயரோடு

தெருவிலிருந்தே சந்தானம் சாருக்கு போன் செய்தேன். தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"சார், படத்துல இருக்கற குழந்தை என்னோடது."

மறுமுனையில் தேநீர் உறிஞ்சும் சத்தம் பாதியில் நின்றது.

"எந்தப் படம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வீட்ல ஆள் இருக்காங்கன்னு சொன்னியேம்மா?"

"இருக்காங்க சார். இப்ப இங்கதான் இருக்காங்க."

அத்தை கையை நீட்டிப் போனை வாங்கினார். "வணக்கம் சார். நான் சுகன்யாவோட மாமியார் பேசறேன். நேத்து ஒருநாள் நான் ஊர்ல இல்ல. அதுக்காக இவள உள்ள உக்கார வச்சிடாதீங்க. வீட்ல உக்காந்தா கூழத் தீய விடறா. இன்னொண்ணு, உங்க பேப்பர்ல ஃபோட்டோ ரொம்ப மங்கலா வருது."

போன் என்னிடம் திரும்பியபோது சந்தானம் சார் சிரித்துக்கொண்டிருந்தாரா, இருமிக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை.

"திருத்தம் போடணும். குழந்தை யாருன்னு பேரோட போடணும், இல்லன்னா இன்னும் மோசமாப் பேசுவாங்க. உன் பேரும் வரும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார். டெஸ்க்..."

"டெஸ்க்குக்கு வந்தா நீ தினம் இந்த மாதிரி கைக்குழந்தை படமாப் பாத்துப் பாத்து அழுவ. ஃபீல்டுலயே இரு. இனிமே கேமரா இருக்கற இடத்துல குழந்தைய யார் மடியிலயும் விடாத."

அடுத்த நாள் உள்ளூர்ப் பக்கத்தில், பல் மருத்துவமனை விளம்பரத்துக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்கிற எழுத்தில் வந்தது. "ராஜகீழ்ப்பாக்கம் மறியல் படத்தில் இருந்த குழந்தை, நமது நிருபர் சுகன்யாவின் மகள் இனியா. குழந்தையை வைத்திருந்தவர் அப்பகுதியைச் சேர்ந்த ரோஸி. தவறுக்கு வருந்துகிறோம்."

என் பெயர் அச்சில் வந்தது அப்போதுதான் முதல்முறை.

மணி அண்ணன் அந்தப் பத்திரிகையைக் கைகொள்ளாமல் வாங்கி, ஸ்டாண்டில் எல்லாருக்கும் கொடுத்தாராம். ஒன்றை ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். வெயிலில் எழுத்து வெளுக்கும்வரை நான் பார்த்திருக்கிறேன். ரோஸி அக்கா திருத்தத்தை ஒட்டவில்லை. படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். "ஆத்தாவும் புள்ளையும்" என்று இன்றைக்கும் காட்டுவார். இனியாவின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அங்கே போய் நின்றாக வேண்டும், இல்லையென்றால் அக்காவுக்குக் கோபம்.

அப்பா அந்தத் திருத்தத்தைக் கத்தரித்து, தன் பழைய கத்தரிப்புகளுக்கெல்லாம் முன்னால் வைத்துக்கொண்டார். அத்தையிடமும் ஒரு பிரதி இருக்கிறது. பீரோவில், வாத்துக் கவுனின் மடிப்புக்குள்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். இனியாவைக் கேட்காமலே ஒருமுறை அவள் படம் அச்சில் வந்துவிட்டது. மறுபடியும் அப்படிச் செய்யலாமா? இப்போது அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அதனால் அவளையே கேட்டுவிடுவது என்று போன வாரம் பீரோவைத் திறந்து, அந்தத் துண்டுத்தாளைக் கையில் கொடுத்தேன்.

ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நின்று, என்னையும் அத்தையையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு கடைசி வரிக்குப் போனாள். "த...வ...று...க்கு." முகம் மாறியது.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கவுனை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு. பசிச்சுது, பால் கேட்டு அழுத. அவ்வளவுதான்."

இனியா கொஞ்சம் யோசித்தாள்.

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க" என்றேன். "காய்ச்சி, ஆற வச்சி."

"அப்ப சரி, எழுதிக்கோ" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.